பாதி முளைத்த ஞானப்பல்: பிடுங்குவதா, விட்டுவைப்பதா?

எங்கள் வீட்டில் இந்த வழக்கு இரண்டு முறை நடந்தது. எனக்கு 24 வயதில் கீழ்க் கடைவாயின் கோடியில் ஞானப்பல் பாதி எட்டிப் பார்த்தது, பிடுங்கிவிட்டேன். அத்தானுக்கும் அதே பல், அதே இடப்பக்கம். திருகோணமலையின் திருக்கடலூரிலிருந்து ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர் அவர். மற்றப் பக்கத்தால் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று பதினைந்து வருடம் ஓட்டினார்.

எக்ஸ்ரே படங்களில் இரண்டு பற்களும் ஒரே கிடைதான். கரையில் ஏற்றிய வள்ளம் பக்கத்து வள்ளத்தில் சாய்ந்து கிடப்பதுபோல, முன்னால் நிற்கும் கடைவாய்ப்பல்லின் கழுத்தில் முட்டிக்கொண்டிருந்தன. ஒரு வித்தியாசம்: அத்தானின் படத்தில், முட்டிய இடத்தில் ஒரு கருநிழல். இடுக்கில் தேங்கிய உணவு, நல்ல பல்லின் பின்புறத்தைச் சூத்தையாக்கி வேர்வரை இறங்கியிருந்தது. ஞானப்பல்லோடு அதையும் கழற்ற வேண்டியதாயிற்று. விட்டுவைப்பதன் செலவு பெரும்பாலும் இப்படி அயல்வீட்டுக் கணக்கில்தான் விழுகிறது.

இனி நோவு. பாதி முளைத்த பல்லின்மேல் பல்முரசு ஒரு மடலாக மூடிக் கிடக்கும். அதற்கடியில் சோறும் மீனும் நுழையும்; தூரிகை நுழையாது. மடல் வீங்கினால் மேற்பல் அதையே கடிக்கும்; கடிக்கக் கடிக்க இன்னும் வீங்கும். அத்தானுக்கு ஒருமுறை இது நடுக்கடலில் வந்தது. படகிலிருந்தது பனடோலும் கராம்பும் உப்புத் தண்ணீரும். கரைக்கு வந்தபோது வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்கே திறந்தது. அக்கா கஞ்சியைக் கரண்டி நுனியால் ஊட்டினார். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையில் வீக்கம் வடிந்தது, அவரும் விட்டுவிட்டார். மாத்திரை கிருமியை அடக்கும். மடலும் இடுக்கும் அப்படியேதான் இருக்கும். அடுத்த மாரிக்குள் மறுபடியும் வீங்கியது.

இந்த வீக்கம் தாடைக்குக் கீழோ நாக்குக்கு அடியிலோ பரவி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அரிதுதான், ஆனால் உயிரை எடுக்கக்கூடியது.

அதற்காக எல்லா ஞானப்பல்லையும் பிடுங்கச் சொல்கிறவன் அல்லன் நான். எலும்புக்குள் முழுதாகப் புதைந்து, நோவோ நோயோ இல்லாமல் கிடக்கும் பல்லின் நியாயம் வேறு. அத்தகைய பல்லை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் பிடுங்க வேண்டாம் என்று பிரித்தானியாவின் வழிகாட்டல் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. முன்பற்களை ஞானப்பல் நெருக்கிக் கோணலாக்கும் என்ற பேச்சுக்கும் போதிய ஆதாரம் இல்லை. பிடுங்குவதிலும் ஆபத்து உண்டு: கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு இப்பல்லின் வேருக்கு அருகே ஓடுகிறது. அது நசுங்கினால் உதடும் நாடியும் மரத்துப்போகும். பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தெளிந்துவிடும், மிகச் சிலருக்கு நிரந்தரமாகிவிடும். வேர் நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து வேரை உள்ளே விடும் முறையும் இருக்கிறது. படத்தைப் பார்த்ததும் இதைப் பற்றி வைத்தியரிடம் கேட்பதில் வெட்கமில்லை.

ஆனால் விட்டுவைப்பது வேறு, மறந்துவிடுவது வேறு. புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உருவாகி, சத்தமே இல்லாமல் தாடை எலும்பை அரிக்கக்கூடும். ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை வைத்தியரிடம் காட்டி, அவர் சொல்லும்போது படம் எடுத்தால்தான் அது விட்டுவைத்தல். மூதூரிலிருந்தோ வெருகலிலிருந்தோ திருகோணமலை நகருக்கு வருகிறவருக்கு ஒரு நாள் உழைப்பு போகும் என்பது உண்மை. நோவில்லாத பல்லுக்காக யார்தான் பஸ் ஏறுகிறார்கள்?

வயதும் ஒரு கட்சி. இருபதுகளின் தொடக்கத்தில் எலும்பு இளகல், வேரும் முற்றியிருக்காது. எனக்கு மூன்றாம் நாள் கன்னம் வடிந்துவிட்டது. 41 வயதில், நீரிழிவோடு போன அத்தானுக்கு முதலில் சீனியைக் கட்டுப்படுத்திய பிறகே நாள் குறித்தார்கள். எலும்பைக் குடைந்து, பல்லை இரண்டாக வெட்டி எடுத்தார்கள். நாலாம் நாள் சுருட்டுப் பற்றவைத்தார். குழியில் உறைந்த இரத்தம் கரைந்து, காதுவரை குத்தியது. அது பல்லின் குற்றமில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: பாதி முளைத்து, ஒருமுறைக்கு மேல் வீங்கிய பல்லை மாத்திரையால் தாலாட்டுவதைவிட இளமையிலேயே கழற்றுவது இலாபம். முழுதாகப் புதைந்த பல்லைக் கண்காணிப்பில் விடலாம்.

அத்தானின் வலப்பக்கப் பல் அப்படி முழுதாகப் புதைந்தது. தொட வேண்டாம் என்று வைத்தியரே சொல்லிவிட்டார். அடுத்த படம் தைப்பொங்கல் கழிந்து. திகதியை அக்கா கலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்; அத்தானின் ஞாபகத்தை அவர் நம்பவில்லை.