நாகர்கோவில்ல காத்தாடி (காற்றாலை) கேஸ் பாக்கிற வக்கீல் ஆபீஸ்: மூணு வருஷம் ஜூனியரா இருந்தவளோட ரிவியூ

திருநெல்வேலி லா காலேஜ்ல இந்த வருஷம் முடிக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைங்க நாலஞ்சு பேரு, அக்கா அந்தக் காத்தாடி ஆபீஸ்ல சேரலாமான்னு கேட்டுட்டே இருக்கீங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்றத விட இங்கயே எழுதிடறேன். ஆபீஸ் பேரு போடல, கொறையும் சொல்லப் போறேன், கேட்டவங்களுக்கு எதுன்னு தெரியும். சேரலாம். ஆனா சம்பளத்த மொதல்லயே பேசிட்டு சேருங்க.

நான் சேந்த அன்னைக்கு மின்சாரச் சட்டம் 2003 புதுசா வாங்கிப் பையில வச்சுட்டுப் போனேன். குமாஸ்தா அண்ணன் அத வாங்கி மேசையில வச்சுட்டு, "மக்களே மொதல்ல மீட்டரப் பாத்துட்டு வா, பொறவு சட்டத்தப் பாக்கலாம்"னு ஆரல்வாய்மொழிக்கு அனுப்பிட்டாரு. ஜூன் மாசம், முப்பந்தல் பக்கம் கணவாய்க் காத்து ஆளையே தள்ளுது, ஷால கழுத்தோட முடிச்சு போட்டுட்டு தான் நின்னேன். சைட்ல இருந்த அண்ணன் இம்போர்ட் ரீடிங் (மெஷின் வெளிய இருந்து எடுத்த கரன்ட்) எது எக்ஸ்போர்ட் ரீடிங் (மெஷின் வெளிய குடுத்த கரன்ட்) எது, பழைய 250 கிலோவாட் மெஷின் கிரிட்ல இருந்து, அதாவது இ.பி. லைன்ல இருந்து, ஏன் ரியாக்டிவ் பவர் (மெஷினுக்குள்ள காந்தப்புலம் உண்டாக்க வேண்டிய பவர்) இழுக்கும், அதுக்கு இ.பி. ஏன் தனியா காசு போடுதுன்னு அரை மணி நேரத்துல சொல்லிக் குடுத்தாரு. அஞ்சு வருஷம் படிச்சப்ப ஒருத்தரும் எனக்கு இதச் சொன்னதில்ல. ஆறு மாசம் கழிச்சு ஒரு கிளையன்ட்டுக்கு சம்பந்தமே இல்லாம பில்லு ஏறி வந்தப்ப, ரெண்டு மாச ரீடிங்கப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன், மல்டிபிளையிங் ஃபேக்டர (ரீடிங்க எத்தனையால பெருக்கணும்ங்கிற எண்ண) தப்பாப் போட்டுருக்காங்கன்னு தெரிஞ்சுட்டு. கேஸே போடல, ஒரு லெட்டர்ல முடிஞ்சுது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, அவ்வளவு சந்தோஷம்.

வேலை என்னன்னா பாதிக்கு மேல காத்தாடிக்காரங்களுக்கும் இ.பி.க்கும் உள்ள தகராறு தான். இது சாதாரண சிவில் கோர்ட்ல போடுற கேஸ் இல்ல, மின்சாரச் சட்டம் 86(1)(எஃப்) பிரிவுல சென்னைல உள்ள மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகணும், அங்க தோத்தா 45 நாளுக்குள்ள டெல்லி அப்டெல்ல (மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துல) அப்பீல், அதுக்கு மேல சுப்ரீம் கோர்ட். ஒரு கேஸ் கட்டு கைக்கு வந்தா சீனியர் மொதல்ல கேக்கிற கேள்வி, "மெஷின் என்னைக்கு ஓட ஆரம்பிச்சுது?" ஏன்னா அந்த தேதிய வச்சு தான் எந்த டாரிஃப் ஆர்டர் (ஆணையம் போடுற கட்டண உத்தரவு), சீசன்ல போட்ட யூனிட்ட பேங்கிங்ல, அதாவது இ.பி. கணக்குல சேத்து வச்சு எது வரைக்கும் எடுக்கலாம், எடுக்காம விட்டா என்ன ஆகும் எல்லாமே. தேதி தெரியாமப் போயி ஒருதடவ நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், அதுக்கப்புறம் மறந்ததே இல்ல. பேக்டவுன் கேஸும் உண்டு, காத்து நல்லா அடிக்கும்போது மெஷின நிறுத்தச் சொல்லுவாங்க. 2021 ஆகஸ்ட்ல சோலார் கம்பெனிங்க போட்ட கேஸ்ல, கிரிட் பாதுகாப்புக்கு இல்லாம காசுக் கணக்கு பாத்து நிறுத்தினா நஷ்ட ஈடு குடுக்கணும்னு அப்டெல் சொல்லிட்டு. அந்தத் தீர்ப்ப முழுசா படிக்காம இந்த ஆபீஸ்ல இன்டர்வியூக்குப் போகாதீங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது நிலத்து வேலை தான். கரன்ட் டவர் லைன் போகும்போது தென்னையும் ரப்பரும் வெட்டுறாங்கல்ல, நஷ்ட ஈடு போதலன்னா 1885 டெலிகிராஃப் சட்டத்துல மாவட்ட ஜட்ஜ் கிட்ட போகலாம். மரம் எத்தன, வயசு என்ன, பால் வெட்டிட்டு இருந்த மரமா இல்லையான்னு தோட்டத்துல நின்னு எண்ணணும். காத்தாடி போட வாங்குற நிலத்துக்கு டைட்டில் (யாருக்குச் சொந்தம்னு) பாக்கப் போனா நம்ம மாவட்டத்துல உள்ள சிக்கல் ஒண்ணு வரும், 1956 நவம்பர் 1க்கு முன்னாடி நாம திருவிதாங்கூர்-கொச்சில இருந்தோம்ல, மூலப் பத்திரம் நிறைய மலையாளத்துல கெடக்கு. எனக்க பாட்டி சின்ன வயசுல மலையாளம் படிச்சவங்க, ஒரு பத்திரத்த வீட்டுக்குக் கொண்டு போயி அவங்கள வாசிக்கச் சொல்லி எழுதி எடுத்தேன், எல்லை சொல்ற எடத்துல ஒரு வாய்க்கால் பேரு இப்ப உள்ள பட்டாவுல இல்லவே இல்ல. சென்னைல இருந்து வர்ற பெரிய ஆபீஸ்காரங்களும் இதுக்கு நம்மளத் தான் கூப்பிடணும். மலையாளம் எழுத்துக்கூட்டியாவது வாசிக்கத் தெரிஞ்சிருந்தா உங்களுக்கு அங்க தனி மரியாதை.

இனி கொறை. மொத வருஷம் மாசம் 6,000 ரூபா, அதுவும் ரெண்டு மாசம் தள்ளித் தான் கைக்கு வந்துது. 2024ல ஹைகோர்ட் சொல்லி, பார் கவுன்சில் சர்க்குலரே விட்டுருக்கு, சென்னை மதுரை கோயம்புத்தூர்ல ஜூனியருக்குக் கொறஞ்சது 20,000, மத்த ஊர்ல 15,000னு. அதக் கேட்டதுக்கு "தொழில் கத்துக்கிறியே"ன்னாரு சீனியர். நல்ல மனுஷன், சட்டத்துல புலி, ஆனா இதுல அவரு செஞ்சது தப்பு தான். அப்பா ரப்பர் வெட்டி அனுப்பின காசுல தான் ஹாஸ்டல் கட்டினேன், வீட்டுல அப்படித் தாங்க ஆளில்லாத பிள்ளை என்ன பண்ணும்? மூணாவது வருஷம் 15,000 ஆக்கினாரு, தேதியும் தவறல.

இன்னொண்ணு, குறுக்கு விசாரணை பழகவே முடியாது. ஆணையத்துல எல்லாம் பேப்பர் வச்சு தான் நடக்கும். அதனால நான் வேலை கொறஞ்ச நாள்ல மாவட்ட கோர்ட்ல போயி சும்மா உக்காந்து பாப்பேன், நீங்களும் அதச் செய்யுங்க. மதுரை பெஞ்சுக்குப் போற நாள்ல விடியக்காலம் வடசேரில பஸ் ஏறணும், திரும்பி வர ராத்திரி ஆகும், பொண்ணுங்க தனியாப் போக வேண்டாம்னு குமாஸ்தா அண்ணன கூட அனுப்புவாங்க, அது இவங்க கிட்ட ரொம்ப நல்ல விஷயம். சின்ன மேட்டருன்னா சீனியர் என்னையே எழுந்து பேச விட்டாரு, அதுவும் மொத வருஷத்துலயே.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன், அந்த ஒண்ணு சம்பளத்துக்குப் போச்சு. 2024ல அரசு ரீபவரிங் (பழைய மெஷின எடுத்துட்டுப் புதுசு போடுறது) பாலிசி கொண்டு வந்ததுல இருந்து 20 வருஷம் தாண்டின பழைய மெஷின் கட்டு தான் மேசையில குவிஞ்சு கெடக்கு, ஆளு தேவை இருக்கு. போறதா இருந்தா மே கடைசிலயே போயிருங்க. காத்து தொடங்கும்போது சைட்ல நின்னா ஒரு சீசன் முழுசும் கண்ணால பாத்துரலாம், ஐப்பசி கார்த்திகை மழை காலத்துல சேந்தா சும்மா நிக்கிற மெஷினத் தான் பாப்பீங்க.