சாரதிகளுக்கான உடற்பரிசோதனைப் பொதி: ஓர் இரவு பஸ் சாரதியின் மதிப்பீடு

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியிலுள்ள தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் "சாரதிகளுக்கான விசேட பொதி" என்று பதாகை தொங்கியதைக் கண்டுதான் உள்ளே போனேன். பதினேழு வருடங்களாக யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் இரவு பஸ் ஓட்டுகிறேன், வயது 46. என்னோடு ஓடிய ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வவுனியாவில் பஸ்ஸை ஓரங்கட்டிய நாள் முதலாக வீட்டில் விடாமல் வற்புறுத்தி வந்த காரியம் இது.

வெறுவயிற்றுச் சீனி, கொலஸ்ரோல் வகைகள், ஈரல், சிறுநீரகம், ஈசிஜி, பிரஷர் ஆகியவை பொதியில் அடங்கும். கட்டணம் என் இரண்டு நாள் சம்பளத்துக்குக் கிட்ட வந்தது. இடம் துப்புரவானது, இரத்தம் எடுத்த பிள்ளையின் கை மெதுவானது, பின்னேரமே அறிக்கை வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. இவற்றுக்காக ஐந்துக்கு மூன்று கொடுப்பேன்.

மீதி இரண்டையும் கொடுக்காததற்குக் காரணம், பதாகையில் இருந்த சாரதி உள்ளே எங்கும் இல்லாததுதான். விடியப்புறம் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஆறரை மணிக்கு அங்கே போய் இருந்தேன்.

"ராத்திரி பத்து மணிக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே அண்ணை?"

"சாப்பிடேல்லை. மூண்டு மணிக்கு மதவாச்சியிலை ஒரு பிளேன்டீ குடிச்சனான்."

"பிளேன்டீதானே, பரவாயில்லை."

கண் சொக்காமலிருக்க அந்தப் பிளேன்டீயில் மூன்று கரண்டி சீனி போட்டிருந்தேன். வெறுவயிற்றுச் சீனி என்றால் குறைந்தது எட்டு மணித்தியாலம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் உள்ளே போயிருக்கக் கூடாது. ஆகவே 118 என்று வந்த இலக்கத்தை வைத்து என் உடம்பைப் பற்றிச் சொல்ல முடியுமா, மதவாச்சித் தேநீரைப் பற்றித்தான் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. வெறுவயிறு தேவைப்படாததும், ஏறத்தாழ மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டுவதுமான எச்பிஏ1சி பரிசோதனையல்லவா இரவில் விழித்திருப்பவனுக்குப் பொருத்தம்? அது பொதியில் இல்லை. கேட்டு, தனியாகக் காசு கட்டிச் செய்வித்தேன். 6.1 வந்தது. 6.5 நீரிழிவின் எல்லை.

பிரஷர் பார்த்த விதமும் சரியில்லை. இரண்டாம் மாடிக்குப் படியேறி வந்த மூச்சு அடங்குமுன், சட்டைக் கைக்கு மேலாலேயே பட்டியைச் சுற்றி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளந்தார்கள்: 158/98. அடுத்த வாரம், 35 வயதைக் கடந்தவர்களை இலவசமாகப் பரிசோதிக்கும் அரச ஆரோக்கிய வாழ்வு நிலையத்துக்குப் போனபோது, ஐந்து நிமிடம் பேசாமல் இருத்தி, கையை மேசையில் வைக்கச் சொல்லி, இரண்டு தடவை அளந்தார்கள்: 144/92. அதுவும் 140/90 ஐத் தாண்டியதுதான். நான் தப்பிவிட்டேன் என்று சொல்லவில்லை.

அங்கேதான் இடுப்பையும் நாடாவால் அளந்தார்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர் எல்லையாம், எனக்கு 98. காசு கட்டிய இடத்தில் இதை ஒருவரும் தொடவேயில்லை. 1953 இல் ஜெரி மொரிஸ் என்ற மருத்துவரின் குழு லண்டன் இரட்டைத்தட்டு பஸ்களில் வேலை செய்தோரை ஆராய்ந்தபோது, நாள் முழுவதும் மாடிப்படி ஏறியிறங்கிய நடத்துநர்களைவிட இருந்த இடத்திலேயே இருந்த சாரதிகளுக்கு இதயநோய் கூடுதலாக வந்திருப்பதைக் கண்டது. பின்னர் சீருடைக் காற்சட்டைகளின் அளவைப் பார்த்தபோது சாரதிகளின் இடுப்பே பெரிதாயிருந்தது. ஒரு தையற்காரருக்குத் தெரியக்கூடிய இந்த விடயத்தைச் சாரதிப் பொதி விட்டுவிட்டது.

சாப்பாட்டைப் பற்றியும் கேள்வி இல்லை. வழியில் பஸ் நிறுத்தும் கடைகளில் எங்களிடம் காசு வாங்குவதில்லை. நாற்பது பேரைக் கொண்டுவந்து இறக்கியவனுக்கு முதலாளி காட்டும் மரியாதை, நடுச்சாமத்தில் ஒரு கோப்பை நிறையச் சோறாகவும் பொரித்த கோழியாகவும் வரும். உடம்பு நித்திரைக்கென்று ஒதுக்கிய அந்த நேரத்திலோ இன்சுலின் பகலில் போல வேலை செய்வதில்லை. பரிசோதனைக்காக அன்று நான் சோற்றை மறுக்க, அவர் முகம் கறுத்துவிட்டது. குறட்டை உண்டா, பகலில் எத்தனை மணித்தியாலம் படுக்கிறீர்கள் என்பவையும் கேட்கப்படவில்லை. நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோய், பிரஷரையும் ஏற்றும், ஸ்ரியறிங்கில் கண்ணையும் மூடவைக்கும்.

ஈசிஜி "நோர்மல்" என்று வந்ததைக் காட்டி எங்கள் நடத்துநர் தம்பி கைகொடுத்தார். படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி அந்த நேரத்து இதயத்தைத்தான் காட்டும். குழாய்களில் கொழுப்புப் படிந்திருந்தாலும் அது நோர்மலாக வரலாம் என்பதை அறிக்கையில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

போக விரும்பும் சாரதிகள் இரண்டு இரவு ஓய்வெடுத்த பின் போங்கள். ஏறியவுடன் கையை நீட்டாமல் ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். நான் மூன்று மாதம் கழித்து அங்கே திரும்பவும் போவேன், ஆனால் எச்பிஏ1சிக்கு மட்டும். இடுப்பை அளக்க வீட்டில் தையல் நாடா இருக்கிறது.