கோலாலம்பூர் நான்கு இரவுத் தொகுப்பு: 45,000 ரூபாயில் எவை அடங்கின, எவை அடங்கவில்லை

2025 செப்டம்பரில், அதுவரை விமானமே ஏறியிராத என் பெற்றோரையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு, திருச்சியிலுள்ள ஒரு டிராவல் ஏஜென்சியின் கோலாலம்பூர் தொகுப்பில் சென்று வந்தேன். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. நான் விசாரித்த மற்ற மூன்று இடங்களின் கொட்டேஷனும் ஏறக்குறைய இதே அமைப்பில்தான் இருந்தது.

தலைக்கு 45,000 ரூபாய் என்று பெரிதாகவும், வரிகள் தனி என்று சிறிதாகவும் அச்சிட்டிருந்தார்கள். நால்வருக்கு 1,80,000 ரூபாய். அதன்மேல் 5 விழுக்காடு ஜிஎஸ்டி 9,000 ரூபாய். இரண்டும் சேர்ந்த தொகையின்மேல் அப்போதைய விதிப்படி 5 விழுக்காடு டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) 9,450 ரூபாய். ஆகக் கட்டியது 1,98,450 ரூபாய். டிசிஎஸ் என்பது செலவே அன்று, நம் பான் எண்ணில் வரவாகும் வருமான வரிதான் என்றாலும், பயணத்துக்கு முந்தைய வாரம் கையிலிருந்து போகும் பணம் அது. அதைப் பணம் கட்டும் நாளில்தான் சொன்னார்கள் என்பது என் முதல் குறை.

கொட்டேஷனில் ‘விசா உதவி’ என்றொரு வரியும் இருந்தது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமலேயே அனுமதிக்கிறது. அப்படியிருக்க எதற்கு உதவினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நாட்டில் நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டைக்கும் தலைக்கு 400 ரூபாய் கேட்டார்கள். அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் அது இலவசம் என்பதால் நானே நிரப்பினேன். நால்வருக்கும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

விடுதியில் இன்னொரு செலவு காத்திருந்தது. வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு இரவொன்றுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. இரண்டு அறை, நான்கு இரவு என 80 ரிங்கிட்டை வரவேற்பு மேசையில் கேட்டபோது, என் தந்தை ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தார். ரிங்கிட்டை 20 ரூபாய் என்று வைத்தால் 1,600 ரூபாய். தொகை பெரிதில்லை, கொட்டேஷனில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்தச் சங்கடம் நேர்ந்திராது.

பாராட்ட வேண்டியதையும் சொல்ல வேண்டும். நள்ளிரவுக்குப் பின் இறங்கிய எங்களுக்காக விமான நிலையத்தில் வேன் காத்திருந்தது. நகருக்குச் செல்லும் விரைவு ரயிலில் பெரியவர் ஒருவருக்கு 55 ரிங்கிட் என்ற கணக்கில் நால்வருக்கு 220 ரிங்கிட் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் முதியவர்களுடன் பெட்டிகளை இழுத்துக்கொண்டு அலையாமல் இருந்ததற்கு அதற்கு மேலும் கொடுக்கலாம். இந்தியர்கள் மிகுந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் விடுதி கொடுத்ததும் நல்ல தேர்வு. காலையில் இட்லி கிடைக்குமா என்ற என் தாயாரின் கவலை முதல் நாளிலேயே தீர்ந்தது.

ஆனால் பத்துமலைக்கு ஒதுக்கியது நாற்பத்தைந்து நிமிடம். அதே நாளில் சாக்லெட் கடைக்கு ஒரு மணி நேரம். 272 படிகளை அந்த நேரத்துக்குள் முதியவர்கள் ஏறி, குகைக்குள் முருகனைக் கும்பிட்டு, இறங்கி வர இயலாது. வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, என் தாயார் எதையும் பொருட்படுத்தாமல் ஏறிவிட்டார். நாங்கள் கடையைத் தவறவிட்டோம். அதில் யாருக்கும் வருத்தமில்லை.

முதல் முறை செல்லும் முதியவர்களுடன் போவோருக்கு இந்தத் தொகுப்பைப் பரிந்துரைப்பேன். இளம் தம்பதியருக்கு மாட்டேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். நான்காவது நட்சத்திரத்தைப் பிடித்து வைத்ததற்குக் காரணம், டிசிஎஸ் சான்றான படிவம் 27டி. அலுவலகத்தில் 12பிஏஏ படிவம் கொடுத்து அந்த 9,450 ரூபாயை என் சம்பள வரிப் பிடித்தத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்; சான்றை அனுப்பும்படி மூன்று முறை நினைவூட்ட வேண்டியிருந்தது.