அத்திப்பள்ளி நெரிசலும் என் டூயல் கிளட்ச் காரும்: மாற்றும் முடிவுக்கு வந்த கதை

ஓசூர் மச்சான் போன வாரம் போனில் கேட்டது இதுதான்: "பெங்களூருல ஒரு பி.எம்.டபிள்யூ இசட்4 விலைக்கு வந்திருக்கு, நம்ம கைக்கு எட்டுற மாதிரிதான் சொல்றாங்க. உன் வண்டியைத் தள்ளிவிட்டுட்டு அதை எடுத்துடேன். இன்னும் எத்தனை நாள் அந்த கியர்பாக்ஸோட மல்லுக்கட்டப் போற?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன். இந்தப் பக்கம் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கும் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் உதவும்.

என் காரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லும் குறை ஒரு கம்பெனியைவிட ஒரு வகை கியர்பாக்ஸைச் சேர்ந்தது, அந்த வகையைப் பல கம்பெனிகள் போடுகின்றன. பெட்ரோல், இரண்டு சீட், ஏழு கியர் டூயல் கிளட்ச், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இவ்வளவு போதும். மைலேஜ், குதிரைத்திறன் எல்லாம் இங்கே தேவையில்லை.

பிரச்சினை என்னவென்றால் நெரிசல். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர். மாம்பழக் கூழ் வியாபாரம் என்பதால் வாரத்தில் சில நாள் நான் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். குருபரப்பள்ளி, சூளகிரி வரை வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். ஓசூர் பஸ் ஸ்டாண்டு மேம்பாலம் இறங்கி ஜூஜுவாடி தாண்டியதும் ஆரம்பிக்கும் பாருங்கள், அத்திப்பள்ளி சுங்கச்சாவடி, சந்தாபுரா, பொம்மசந்திரா என்று எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறும் வரைக்கும் ஊர்ந்து ஊர்ந்துதான் போக வேண்டும். இரண்டு அடி நகர்ந்து நிற்பது, மறுபடி மூன்று அடி நகர்ந்து நிற்பது. அந்த நேரத்தில் முதல் கியரில் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, அப்புறம் தூக்கிப் போட்டு முன்னால் பாயும், முன்னால் நிற்கும் டெம்போவின் பம்பரை முத்தமிடாமல் நிறுத்த வேண்டியது நம் பொறுப்பு. வெயில் நாளில் கொஞ்ச நேரம் இப்படிப் போனால் கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும்.

ஏன் இப்படி என்பதை மெக்கானிக்கிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன், புரிந்தபின் கோபம் கொஞ்சம் குறைந்தது. டூயல் கிளட்ச் என்பது அடிப்படையில் இரண்டு மேனுவல் கியர்பாக்ஸை ஒன்றாகச் சேர்த்தது. 1, 3, 5, 7 ஒரு தண்டில், 2, 4, 6 இன்னொரு தண்டில், ஒவ்வொன்றுக்கும் தனி கிளட்ச். நீங்கள் மூன்றில் போகும்போதே கம்ப்யூட்டர் நான்கைத் தயாராகப் போட்டு வைத்திருக்கும். ஒரு கிளட்ச் விடும் அதே நொடியில் இன்னொன்று பிடிக்கும், அதனால் இழுவை அறுந்து போகாமல் கியர் மாறுகிறது. ஆனால் ஊர்ந்து போகும்போது என்ன நடக்கிறது? என்ஜின் ஐட்லிங்கில் சுற்றும் வேகத்துக்கும் சக்கரம் சுற்றும் வேகத்துக்கும் பொருந்தாது. சாதாரண ஆட்டோமேட்டிக்கில் இருப்பது போல நடுவில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் கிடையாது, இருப்பது கிளட்ச் மட்டும். அது பாதி பிடித்தும் பாதி விட்டும் நழுவிக்கொண்டே இருக்க வேண்டும். மேனுவல் வண்டியில் மேட்டில் பாதிக் கிளட்சில் நிறுத்திவைப்பார்களே, டிரைவிங் ஸ்கூலில் அதற்குத் திட்டு வாங்குவோமே, அதையே கம்ப்யூட்டர் நமக்காக மணிக்கணக்கில் செய்கிறது. எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் என்பதால் உடனே கருகாது, சூடு ஏறத்தான் செய்யும். தப்பு கணக்கில் இல்லை, ரோட்டில்தான். ஓசூர் ரோடு மாதிரி ஒரு ரோட்டை மனதில் வைத்து இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

இதோடு போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். போன வருடம் ஒரு சாயங்காலம், அதே அத்திப்பள்ளி நெரிசலில், கியர் மாறவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. ரிவர்ஸும் விழவில்லை. பின்னால் இருக்கிற லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க, ஃபிளாட் பெட் வண்டி வரும்வரை ரோட்டோரம் நின்றேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, கியர்பாக்ஸை முழுசாக மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகையில் ஒரு புது ஸ்விஃப்டை ரோட்டில் இறக்கிவிடலாம், மிச்சமும் வரும். உள்ளே திறந்து எந்தப் பகுதி போயிருக்கிறது என்று பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். திறக்க எங்களுக்கு அனுமதி இல்லை சார் என்றார்கள். அந்தப் பையன்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு மேலிடத்து விதி அப்படி. ஆனால் அந்த விதியை எழுதியவர்கள் மேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. ஒரு பகுதி கெட்டுப்போனால் அந்தப் பகுதியை மாற்று, அதுதானே மெக்கானிக் வேலை?

கடைசியில் பெங்களூருவில் இந்த வகை பாக்ஸை மட்டுமே பார்க்கும் ஒரு தனி ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தமிழர், வேலூர் பக்கம். "அண்ணா, பாக்ஸுக்கு ஒண்ணும் ஆகல, உள்ள இருக்கிற சென்சார் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு அதை மாற்றி, எண்ணெயும் ஃபில்டரும் புதிதாகப் போட்டு, கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுத்து அனுப்பினார். சர்வீஸ் சென்டர் சொன்னதில் சிறு பங்குதான் செலவு. அதற்குப் பின் வண்டி நிற்கவில்லை. வெட்டுவது மட்டும் போகவில்லை, குறைந்திருக்கிறது. அது போகாது அண்ணா, இதோட சுபாவம் என்று அவரே சொல்லிவிட்டார்.

சரி, இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் போனால் அநியாயம். தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி போகும் வளைவுகளில் விடிந்ததும் இந்தக் காரை ஓட்டிப் பாருங்கள் (விடிந்தபின் என்பதை மறக்க வேண்டாம், யானை நடமாடும் காடு). வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும்போதே நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு என்று தானாக இறங்கி, ஒவ்வொரு இறக்கத்துக்கும் என்ஜினை ஒரு தூக்குத் தூக்கிச் சுழற்சியைச் சமன் செய்துகொள்ளும். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைத் தொட்டால், நான் கேட்டதும் கிடைத்ததும் ஒன்றாகவே இருக்கும். சேலத்திலிருந்து தருமபுரி வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் கிரானைட் கல் ஏற்றிய லாரியை முந்த வேண்டும் என்றால், ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்பை விரலால் தட்டினால் போதும், தட்டி முடிப்பதற்குள் கியர் இறங்கியிருக்கும். எப்போதாவது அது மேல் கியரை எதிர்பார்த்துத் தயாராக இருக்கும் சமயம் நான் கீழ் கியர் கேட்டால் அரைக் கணம் யோசிக்கும். அதைத் தவிர, நான் ஓட்டிய எந்த ஆட்டோமேட்டிக்கும் இதன் பக்கத்தில் வராது. இதை உறுதியாகச் சொல்கிறேன்.

இப்போது இசட்4. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதம் வரை போய்க்கொண்டிருந்தது 40 சதவீதமாக இறங்கியதும் புது வண்டி விலை குறைந்தது. அதன்பின் பழைய வண்டி விற்பவர்களும் கொஞ்சம் இறங்கிப் பேசுகிறார்கள். மச்சான் சொன்னது அதில் எம்40ஐ என்ற மாடல். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், 340 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் டார்க், இசட்.எஃப். கம்பெனியின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மேக்னா ஸ்டையர் ஆலையில், டொயோட்டா சுப்ராவோடு ஒரே கூரையின் கீழ் செய்து இங்கே முழு வண்டியாக இறக்குமதி செய்தது. 2023 மே மாதத்தில் வந்தபோது ஷோரூம் விலை 89.30 லட்சம்.

நான் கவனித்தது கியர்பாக்ஸை மட்டும்தான். இதற்கு முந்தைய தலைமுறை இசட்4இல், 35ஐ மாடலுக்கு பி.எம்.டபிள்யூகாரர்களும் ஏழு கியர் டூயல் கிளட்ச்தான் போட்டிருந்தார்கள். 2018இல் காட்டிய இந்தத் தலைமுறையில் அதை எடுத்துவிட்டு டார்க் கன்வர்ட்டருக்குப் போனார்கள். அதற்கு முன்னால் 2017இல் தங்கள் எம்5 காரிலும் இதையே செய்தார்கள். 2003இல் ஃபோக்ஸ்வேகனின் கோல்ஃப் ஆர்32 மூலம் டூயல் கிளட்ச் கடைக்கு வந்தபோது இனி பழைய ஆட்டோமேட்டிக் செத்தது என்று எழுதாதவர் இல்லை. இருபது வருடத்துக்குள் கன்வர்ட்டர் பாக்ஸ் அவ்வளவு வேகமாகிவிட்டது. கன்வர்ட்டரில் இரண்டு விசிறிகள், நடுவில் எண்ணெய். ஊரும்போது நழுவுவது எண்ணெய்தான், அதில் தேய எதுவும் இல்லை. வேகம் எடுத்ததும் உள்ளே ஒரு கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும். இவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் என் வாழ்க்கைக்கு இதுதான் முழு வித்தியாசமும்.

நண்பரின் நண்பர் ஒருவரின் இசட்4ஐக் கேட்டு வாங்கி, வேண்டுமென்றே சாயங்காலம் சந்தாபுராவிலிருந்து ஓசூர் வரை ஓட்டினேன். ஒரு வெட்டு இல்லை. பிரேக்கை விட்டால் மெதுவாக நகர்கிறது, அழுத்தினால் நிற்கிறது. அந்த நெரிசலில் ரேடியோவில் என்ன பேசுகிறார்கள் என்று என் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். சிக்னலில் துணிக் கூரையைத் திறந்தேன். பத்து நொடி, 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும்போதே திறக்கும். டிக்கி 281 லிட்டர், கூரை திறந்திருந்தாலும் அதே இடம்தான்.

ஆனால் ஓசூரிலிருந்து ராயக்கோட்டை ரோட்டில் திருப்பியபோது அந்த மயக்கம் கொஞ்சம் கலைந்தது. என்ஜின் அருமை, அதில் பேச்சே இல்லை. ஸ்டியரிங் கனமாக இருக்கிறது, ரோட்டில் என்ன நடக்கிறது என்று கைக்குச் சொல்வதில்லை. கியர் வேகமாகத்தான் மாறுகிறது, ஆனால் அதன் வேகத்தில் ஒரு மரியாதை இருக்கிறது, என் காரில் இருக்கிற கோபம் இல்லை. முன்னால் நீண்டு கிடக்கும் பானெட், கிட்டத்தட்ட பின் சக்கரத்தின் மேலேயே உட்காரும் சீட். வளைவில் மூக்கு எங்கே போகிறது என்று பழகவே நாளாகும் போலிருக்கிறது. நல்ல கார். நான் காதலித்த கார் இல்லை.

இருந்தும் மாற்றத்தான் போகிறேன். காரணம் பழுதுச் செலவு என்று மச்சான் நினைக்கிறான், அது இல்லை. இந்தக் கார் என் நேரத்தை முடிவு செய்ய ஆரம்பித்துவிட்டது. பெங்களூருவில் வேலை மதியம்தான் என்றாலும் விடியும் முன் கிளம்புகிறேன், நெரிசலுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று. வேலை முடிந்தாலும் ராத்திரி பத்து மணி வரை அங்கேயே காத்திருக்கிறேன். அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேறு காரை இரவல் வாங்கினேன், வீட்டில் இவ்வளவு விலைக்கு ஒரு கார் நிற்கும்போது. மாம்பழ சீசனில், பெங்களூரா ரக மாம்பழ வரத்து உச்சத்தில் இருக்கும் ஜூன், ஜூலையில், எப்போது போன் வரும், எப்போது ஓட வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் டேஷ்போர்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவது என்னால் இனி ஆகாது. அஞ்செட்டி வளைவு எனக்கு மாதத்தில் ஒரு காலை. அத்திப்பள்ளி வாராவாரம்.

எது நல்ல ஸ்போர்ட்ஸ் கார் என்று கேட்டால் இப்போதும் என்னுடையதைத்தான் சொல்வேன். சேலம், ஈரோடு பக்கம் இருந்து, பெங்களூரு நெரிசலில் மாட்டாமல், நல்ல ஒர்க்ஷாப் கைவசம் வைத்திருப்பவர் இதை யோசிக்காமல் வாங்கலாம், எண்ணெயை மட்டும் நேரத்துக்கு மாற்ற வேண்டும்.

இசட்4 வாங்கும் முன் நான் பார்க்கப் போவது இரண்டு விஷயம். ஒன்று, கியர்பாக்ஸ் எண்ணெய். கார் கம்பெனிகள் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்வார்கள், பாக்ஸைச் செய்யும் இசட்.எஃப். கம்பெனியோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைத்தான் நான் கேட்பேன். இன்னொன்று கேஏ நம்பர், அதாவது கர்நாடகப் பதிவு. இங்கே நிரந்தரமாக ஓட்ட வேண்டும் என்றால் அங்கே ஆர்.டி.ஓ.விடம் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே டி.என். 24க்கு மாற்றி ஆயுள் வரி கட்ட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநில நம்பரில் ஓட்ட முடியாது. 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது காருக்குத் தமிழ்நாட்டில் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கு ஏற்பக் குறையும், குறைந்தாலும் லட்சக்கணக்கில்தான் வரும். விற்பவர் சொல்லும் விலையோடு இதைக் கூட்டிப் பார்த்துத்தான் பேரம் பேச வேண்டும், முன்பணம் அதற்குப் பிறகுதான்.