சீசன் பாஸா, தினசரி டிக்கெட்டா?

பனிச்சறுக்கு மலைக்குக் குளிர்காலம் முழுக்கப் போகும் சீசன் பாஸ் எடுப்பதா, போகும் நாளுக்கு மட்டும் டிக்கெட் எடுப்பதா? பனி விழுவதற்குப் பல மாதம் முன்பே எடுக்க வேண்டிய முடிவு இது. பனிச்சறுக்குப் பிரியர்கள் பலர் குழம்புவதும் அதனால்தான்.

செலவு
பாஸ்: மொத்தப் பணமும் முதலிலேயே. வசந்த காலத்தில் வாங்கினால் பெரும்பாலும் மலிவு. குளிர்காலம் நெருங்க நெருங்க விலை ஏறும்.
டிக்கெட்: போகும் நாளுக்கு மட்டும். அன்றைக்கே கவுன்ட்டரில் வாங்கினால் பொதுவாக விலை அதிகம்.

பாஸ் விலையை ஒரு நாள் டிக்கெட் விலையால் வகுத்துப் பாருங்கள்; எத்தனை நாள் போனால் பாஸ் கட்டுப்படியாகும் என்பது தெரியும். இணையத்தில் முன்பதிவு செய்யும் விலையை வைத்தே வகுக்க வேண்டும். கவுன்ட்டர் விலையை வைத்தால் பாஸ் இருப்பதைவிட அதிக லாபமாகத் தெரியும். அப்புறம், ஆசைப்படும் நாட்களைச் சேர்க்காமல், விடுப்பு உறுதியான நாட்களை மட்டும் எண்ணுங்கள்.

வசதி
பாஸ்: இரண்டு மணி நேரம் சறுக்கிவிட்டுத் திரும்பினாலும் மனம் உறுத்தாது. எபிக் (2008 முதல்), ஐகான் (2018 முதல்) போன்ற அமெரிக்க நிறுவனங்களின் பாஸ்களில், ஒரே பாஸை வைத்துப் பல மலைகளுக்குப் போகலாம். மலிவான வகை பாஸ்கள் சில விடுமுறை நாட்களில் செல்லாது.
டிக்கெட்: பனி நன்றாக இருக்கும் மலையைப் பார்த்துப் போகலாம்.

அபாயம்
பாஸ்: பனி குறைந்தாலோ, காலில் அடிபட்டாலோ பெரிய நஷ்டம். பணம் திரும்பக் கிடைக்கும் விதிகளை முதலில் படியுங்கள்.
டிக்கெட்: ஒரு நாள் பணம்தான்.

மலைக்குப் பக்கத்தில் இருந்து வாராவாரம் போகிறவர்கள் தயங்காமல் பாஸ் எடுக்கலாம். ஒரே ஒரு வாரப் பயணம் என்றால், முன்கூட்டியே வாங்கும் சில நாள் பாஸ் போதும். முதல்முறை கற்பவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். பயிற்சி, வாடகைக் கருவி, தொடக்கநிலைச் சரிவுக்கு மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் மூன்றும் சேர்ந்த தொகுப்பு பல மலைகளில் கிடைக்கும், அதையே எடுங்கள்.