கொடொமொராய்டா, ஆல்டரா?

இரண்டுமே மனித உருவ ரோபோக்கள்; ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் ஹிரோஷி இஷிகுரோவின் பெயரோடு சேர்ந்தவை. இரண்டும் டோக்கியோவின் மிராய்கான் அறிவியல் அருங்காட்சியகத்தில் மக்கள் முன் வந்தன.

2014இல் வந்த கொடொமொராய்டு அச்சு அசல் சிறுமி. செய்தி வாசிக்கும்.

2016இன் ஆல்டர் வேறு வழி. முகத்துக்கும் கைகளுக்கும் மட்டும்தான் தோல். மற்ற இடமெல்லாம் உள்ளிருக்கும் இயந்திரம் அப்படியே தெரியும். ஆணா பெண்ணா, வயதென்ன என்று சொல்ல முடியாது. காற்றழுத்தத்தில் இயங்கும் அதன் அசைவுகள், பக்கத்தில் ஆள் வந்தால் மாறும். அப்புறம் 2019இல் லண்டன் பார்பிகன் கலை மையத்தில் பலரின் படைப்புகளோடு அதன் பிந்தைய வடிவமான ஆல்டர் 3 நின்றது.

என் ஓட்டு ஆல்டருக்குத்தான். கொடொமொராய்டின் முகத்தில் சிறு பிசகு தெரிந்தாலும் மனம் சட்டென்று விலகிவிடுகிறது. 1970இல் ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி எழுதியது இந்த விலகலைப் பற்றித்தான். ஆல்டர் எதையும் மறைக்கவில்லை. அதனாலேயே அந்தக் கை உயரும்போது, இயந்திரம் என்று தெரிந்தும், பதிலுக்குக் கை தூக்கத் தோன்றுகிறது.