ரீப்பர் 7: கானாவுக்கு மேளம் அடுக்குகிறவன் பார்வையில்

வியாசர்பாடியில் நான் வேலை பார்க்கிற ரெக்கார்டிங் அறைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கானா பாடுகிறவர்கள். கானாவில் வரிதான் உயிர். மரண கானாவில் இறந்தவர் பேர் வருகிற இடத்தை டோலக் மூடிவிட்டால் அந்தப் பாட்டை அந்த வீட்டுக்காரர்களிடம் எப்படிக் கொடுப்பது? அதனால் எந்த மென்பொருளிலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: எந்தச் சத்தம் எங்கிருந்து கிளம்பி எங்கே போகவேண்டும் என்பதை நான் முடிவு பண்ண விடுகிறதா? கணினியில் பாட்டைப் பதிந்து கலக்குகிற ரீப்பர் விடுகிறது. நான் இதைவிட்டுப் போகாததற்குக் காரணம் அதுதான்.

இதில் ஒலிக்கு ஆடியோ டிராக், எந்த நோட்டை எப்போது வாசிக்கவேண்டும் என்கிற மிடி கட்டளைக்கு மிடி டிராக், பல டிராக்கைக் கலக்க பஸ் என்று தனித்தனி சாதி கிடையாது. எல்லாம் ஒரே மாதிரி டிராக்தான். குரல் பதியலாம், மிடி வாசிக்கலாம், நாலு டிராக்கை உள்ளே வாங்கிக் கலக்கலாம். ஒரு டிராக்குக்குள் முன்பு 64 சேனல் (ஒலி ஓடுகிற தனித்தனிப் பாதை) வரை ஓடும். 2023 அக்டோபரில் வந்த 7ஆம் பதிப்பில் 128 ஆனது. என் வேலைக்கு ஆறு, எட்டு போதும். ஆனால் அந்த ஆறு இல்லாமல் என் மேளம் நிற்காது.

ஆக்டோபேடு (குச்சியால் அடிக்கிற மின்னணு மேளப் பலகை) வாசிக்க ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். ஒரே டிராக்கில் ரியாசாம்ப்ளோமேட்டிக் 5000 மூன்றைப் போடுவேன். ரீப்பரோடு சும்மா வருகிற சாம்ப்ளர் அது, பதிந்து வைத்த சத்தத்தை நோட்டுக்கு ஏற்ப ஒலிக்கவிடும். ஒன்றில் டோலக்கின் கனமான பக்கம், அடுத்ததில் அதன் கூர்மையான பக்கம், மூன்றாவதில் சட்டி என்கிற மேளம். மூன்றுமே வருகிற மிடியை எல்லாம் கேட்கும். அதனால் ஒவ்வொன்றிலும் ஆரம்ப நோட்டு, முடிவு நோட்டு இரண்டையும் குறித்துவிட வேண்டும். அப்போதுதான் ஒரு பேடு அடித்தால் ஒன்று மட்டும் பேசும். சரி, இதுவரை மூன்றும் கலந்து 1-2 சேனலில்தான் வரும். டிராக்கை ஆறு சேனலாக்கி, எந்த ஒலி எந்தச் சேனலில் போகவேண்டும் என்று குறிக்கிற பின் கனெக்டரைத் (pin connector) திறந்து, 1-2, 3-4, 5-6 என்று பிரிக்கிறேன். எல்லாம் கடைசியில் வந்து சேருகிற மாஸ்டர் டிராக் இரண்டு சேனலாக இருக்கும்வரை 1-2 மட்டும்தான் தானாகக் காதுக்கு வரும். மற்றதற்கு சென்ட், அதாவது ஒலியை வேறு டிராக்குக்கு அனுப்புகிற இணைப்பு, போட்டே ஆகவேண்டும். பையன்கள் "அண்ணே, சட்டி காணோம்" என்று கேட்பது இந்த இடத்தில்தான். ரூட் பட்டனைப் பிடித்து வேறு டிராக்கில் இழுத்துவிட்டால் சென்ட் உருவாகும். மூலச் சேனலாக 5-6ஐக் கொடுத்தால் சட்டி மட்டும் அங்கே போய் ரிவெர்ப் (எதிரொலி) வாங்கும். டோலக்கின் கனம் எதிரொலி ஒட்டாமல் நெஞ்சில் இடிக்கும்.

7இல் வந்த கன்டெய்னரும் (பல எஃபெக்டுகளை ஒன்றாகப் போட்டு வைக்கிற பெட்டி) எனக்குப் பெரிய உதவி. ஆர்மோனியச் சத்தமும் கீபோர்டின் மெல்லிய, நீண்டு ஒலிக்கிற பேடு (அடிக்கிற பேடு இல்லை) சத்தமும் சேர்ந்து ஒலிக்கவேண்டும், ஆனால் பேடின் கனத்த பேஸ் சத்தத்தை மட்டும் வெட்டவேண்டும் என்றால், பேடையும் அதற்கான ரியாஈக்யூவையும் (ஈக்வலைசர்) ஒரு கன்டெய்னருக்குள் போட்டு மூடிவிடலாம். அந்தக் கன்டெய்னரை ஆர்மோனியத்துக்குப் பக்கவாட்டில் ஓடவிட்டால் ஆர்மோனியத்தை அது தொடாது. இரண்டு எஃபெக்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் பக்கவாட்டில் ஓடவிடும் வசதியும் இதே பதிப்பில் வந்ததுதான்.

குரலுக்கு வழிவிடுகிற வேலைதான் நான் அதிகம் ரசித்துச் செய்வது. கீபோர்டுகளை எல்லாம் ஒரு ஃபோல்டர் டிராக்கில் சேர்த்து அதை நாலு சேனலாக்குவேன். குரலிலிருந்து ஃபோல்டரின் 3-4க்கு ஒரு சென்ட். ஃபோல்டரில் ரியாகாம்ப் (ஒலியை அமுக்குகிற கம்ப்ரசர்) போட்டு, எந்த ஒலியைக் கேட்டு அமுக்கவேண்டும் என்கிற டிடெக்டர் இன்புட்டில் 3-4ஐக் குறிக்கிற ஆக்ஸிலரியைத் தேர்ந்தெடுத்தால், பாடுகிறவர் வாய் திறக்கும்போதெல்லாம் கீபோர்டு தானாகப் பணியும். மூன்று டெசிபல் இறங்கினால் போதும். அதற்கு மேல் போனால் கீபோர்டு ஏறி இறங்கி பாட்டு மூச்சு வாங்குவது வெளியே தெரியும். இதே குரலை எதிரொலி டிராக்குக்கும் அனுப்பிக்கொள்ளலாம், ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது.

குறையும் உண்டு. கூட வருகிற வாத்தியங்கள் மிகக் குறைவு. நம்ம ஊர்ச் சத்தம் ஒன்றுகூட இல்லை. சட்டி வேண்டுமென்றால் சட்டி அடிப்பவரைக் கூப்பிட்டு மைக் வைத்துப் பதிந்து நாமே சாம்பிள் செய்யவேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன், அதில் வருத்தம் இல்லை, ஆனால் புதிதாக வாங்குகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பின் கனெக்டரின் பொடிக் கட்டங்கள் எவரையும் மிரட்டும். சேனல் குழம்பினால் டிராக் வயரிங் படத்தைத் திறந்து பாருங்கள், ஒலி போகிற பாதை கோடுகோடாகத் தெரியும். திரையின் தோற்றமும் சுமார்தான், தீம் மாற்றிக்கொள்ளலாம்.

விலை 60 டாலர், நம்ம பணத்தில் ஐயாயிரத்துக்கு மேல். தனிப்பட்ட உபயோகத்துக்கும், தொழிலில் ஆண்டு வரவு 20,000 டாலரைத் தாண்டாதவர்களுக்கும் இந்த விலை. தாண்டினால் 225. மென்பொருள் இரண்டுக்கும் ஒன்றேதான், 7க்கு வாங்கின உரிமம் 8ஆம் பதிப்பு முடியும்வரை செல்லும். கிராக் தேடி லேப்டாப்பில் வைரஸ் ஏற்றிக்கொள்கிற தம்பிகளுக்குச் சொல்கிறேன்: 60 நாள் சோதனைக் காலத்தில் எந்த வசதியையும் ரீப்பர்காரர்கள் பூட்டி வைப்பதில்லை. முதலில் ஒரே ஒரு சென்ட், அப்புறம் அந்த குரல்-கீபோர்டு வேலை. அது கைக்கு வந்தபிறகு பின் கனெக்டரைத் திறங்கள்.